எந்தச் சோகை?

(கொழும்பு, வெள்ளவத்தையில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

"உடம்பு ஏலாமல் கிடக்கு, படி ஏறினால் மூச்சு வாங்குது" என்று கொழும்பில் ஒருவர் வாய் திறந்தால் போதும், மருந்து கையோடு கிடைத்துவிடும். வெள்ளவத்தையில் மாடிக்கு மாடி ஒரு பெரியம்மா இருப்பார். கொட்டாஞ்சேனையில் ஒழுங்கைக்கு ஒழுங்கை ஒரு மாமி. "இரத்தம் காணாது பிள்ளை. பீற்றூட் சாப்பிடு, பாமசியில ஒரு அயன் ரொனிக் வாங்கிக் குடி." இந்த அறிவுரையில் பாதி சரி. உலகெங்கும் இரத்தச்சோகைக்கு முதற் காரணம் இரும்புக் குறைவுதான். ஆனால் பீற்றூட்டின் சிவப்புக்கும் இரத்தத்தின் சிவப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்தக் கிழங்கில் இரும்பு கொஞ்சம்தான். அதிலே உருப்படியாக இருப்பது போலேற்று என்ற பி வகை விற்றமின். பெரியம்மா சொன்ன காரணம் பிழை, காட்டிய கிழங்கு பரவாயில்லை.

இரும்பு எவ்வளவு இருந்தாலும் இரத்தம் ஊறாத சோகை உண்டு. போலேற்றுக் குறைந்தால் ஒன்று, விற்றமின் பி12 குறைந்தால் இன்னொன்று. இரண்டுக்கும் முகம் ஒன்று, முடிவு வேறு. ஒன்றை மற்றொன்றாக நினைத்து மருந்து கொடுத்தால் இரத்தம் தேறும், நரம்பு கெடும். இந்த உரைக்குக் காரணமே அந்த ஆபத்துத்தான். இந்த விற்றமின்களை மனிதர் அறிந்துகொண்ட கதையில் ஒரு பகுதி நம் பக்கத்தில் நடந்தது என்பது இன்னொரு காரணம்.

1928 இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் வைத்தியர் பம்பாயில் வந்து இறங்கினார். வயது 40. கேம்பிரிட்ஜில் தாவரவியலும் புவிச்சரிதவியலும் படித்துவிட்டு, பிறகு மருத்துவத்துக்கு மாறி 1920 இல் இலண்டனில் பட்டம் பெற்றவர். கீழைத்தேயம் அவருக்குப் புதிதல்ல. தந்தையையும் ஒரு சகோதரியையும் அடுத்தடுத்து இழந்த பின், 1913 இல் தாயோடு இலங்கைக்கு வந்து உறவினர்களோடு தங்கிப் போனவர். பம்பாயில் அவருக்குத் தரப்பட்ட வேலை கடுமையானது. ஏழைப் பெண்கள் பிள்ளைத்தாய்ச்சிக் காலத்தில் வெளிறி, வீங்கி, மூச்சு முட்டிச் செத்துக்கொண்டிருந்தார்கள். அது ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஹாஃப்கைன் நிலையத்தில் ஆய்வு. நோயாளிகளில் பலர் நெசவாலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

நுணுக்குக்காட்டியில் அந்தப் பெண்களின் இரத்தம் விநோதமாக இருந்தது. இரும்புக் குறைந்த சோகையில் செங்குழியங்கள் சிறுத்து வெளிறிக் கிடக்கும். இங்கே அவை எண்ணிக்கையில் குறைவு, உருவத்தில் பெரிசு. இப்படிப் பெருத்த செங்குழியத்தை மேற்கு நாட்டு வைத்தியர்கள் வேறொரு நோயில் பார்த்திருந்தார்கள். 19 ஆம் நூற்றாண்டில் தோமஸ் அடிசன் விவரித்த கொடுஞ்சோகை அது. பெரும்பாலும் வயதானவர்களுக்கு வரும், வந்தால் சாவுதான். 1926 இல் அமெரிக்காவில் மைனொற்றும் மேர்பியும் அதற்கு வழி கண்டார்கள்: நாள்தோறும் ஈரல், அதுவும் 120 முதல் 240 கிராம் வரை, இலேசாகவே வேகவைத்து. உயிர் பிழைத்தவர்களுக்கு அந்தச் சாப்பாடே தண்டனையாக இருந்திருக்கும்.

வில்ஸ் முதலில் ஏதாவது தொற்று இருக்குமோ என்று தேடினார். அகப்படவில்லை. பிறகு அவர் அடுப்படிப் பக்கம் திரும்பினார். யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று வர்க்கம் வர்க்கமாகப் பதிந்து பார்த்தபோது, சோகைக்கும் சட்டிபானைக்கும் உள்ள தொடர்பு தெரிந்தது. மிகவும் மோசமான சாப்பாடு ஏழை முஸ்லிம் பெண்களுக்கு. மிகவும் அதிகமான சோகையும் அவர்களுக்கே. அந்தச் சாப்பாட்டையே எலிகளுக்குக் கொடுத்தார். எலிகளும் சோகையில் விழுந்தன. விற்றமின் ஏயும் சியும் சேர்த்துப் பார்த்தார், பயனில்லை. மதுவம், அதாவது ஈஸ்ட், சேர்த்தபோது தேறின. பின்னர் அந்த எலிகளின் சோகையில் பேனால் பரவும் ஒரு கிருமிக்கும் பங்கிருந்தது தெரியவந்து, குரங்குகளை வைத்து மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. ஆராய்ச்சி நேர்கோட்டில் போவதில்லை.

1929 இல் சில மாதங்கள் அவர் குன்னூர் பஸ்தூர் நிலையத்தில் வேலை செய்தார். றொபேட் மக்கரிசன் இந்திய உணவுகளை ஆராய்ந்துகொண்டிருந்த இடம் அது. 1931 இல் சென்னை கோஷா ஆஸ்பத்திரிக்கு வந்தார். இன்று அது கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. அதே ஆண்டு பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் அவருடைய கட்டுரை வந்தது. மருந்து என்ன? மார்மைட். பியர் வடித்து மிஞ்சிய மதுவத்திலிருந்து 1902 முதல் இங்கிலாந்தில் செய்யப்பட்டு வந்த, கறுத்துப் பசையான, உப்புக் கரிக்கும் அதே மார்மைட். ஈரலை விட மலிவு. மதுவச் சாறு உள்ளே போன சில நாட்களிலேயே நோயாளிக்குப் பசி எடுத்தது. இரத்தத்தில் இளஞ்செங்குழியங்கள் கிளம்பி வந்தன.

இதைவிடக் கூர்மையானது அவருடைய அடுத்த கண்டுபிடிப்பு. அடிசனின் சோகைக்காகச் சுத்திகரித்து விற்கப்பட்ட ஈரல் ஊசி, இந்தப் பெண்களுக்குச் சரியாக வேலை செய்யவில்லை. சுத்திகரிக்காத ஈரற்சாறு வேலை செய்தது. ஆகவே ஈரலில் இருப்பது ஒரு பொருளல்ல, இரண்டு. சுத்திகரிக்கும்போது கழிந்துபோன அந்த இரண்டாவது பொருளுக்கு உலகம் அவர் பெயரையே வைத்து 'வில்ஸ் காரணி' என்றது. 1934 இல் நோபல் பரிசு ஈரல் வைத்தியம் கண்டவர்களுக்குப் போயிற்று. வில்ஸுக்கு எந்த நோபலும் வரவில்லை. வரவேண்டியிருந்தது என்பதே இந்த உரையின் தீர்ப்பு.

அதே 1934 இன் கடைசியில் இலங்கையில் மலேரியா வெடித்தது. மழை பொய்த்து ஆறுகள் வற்றி, மணலிடைக் குட்டைகளில் நுளம்பு பெருகியது. கேகாலை, குருநாகல் பக்கம் ஊர் ஊராகப் படுத்தன. 1935 நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். காய்ச்சலில் விழுந்தவர்கள் 15 இலட்சத்தைத் தொட்டார்கள். கொழும்பு பெரும்பாலும் தப்பிக்கொண்டது, ஆனால் கொழும்பிலிருந்து தொண்டர்கள் போனார்கள். அவர்களில் பலர் ஏகாதிபத்தியத்தை எதிர்த்த சூரியமல் இயக்கத்து இளைஞர்கள். பின்னர் லங்கா சமசமாஜக் கட்சியை அமைத்தவர்கள். 1933 இல் இதே வெள்ளவத்தையில், நூற்பு நெசவு ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது கொல்வின் ஆர். டி சில்வா தலைமையில் திரண்டதும் அந்த வட்டம்தான். காலி வீதியில் இன்று போகிறவர்கள் பலருக்கு, பம்பாயைப் போல இங்கும் ஒரு நெசவாலை இருந்ததே தெரியாது.

கொயினா கொடுத்தும் கிராமத்தார் எழும்பவில்லை. பட்டினி உடம்பு. தொண்டர்கள் மார்மைட்டைக் குளிசையாக உருட்டிக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவரான என். எம். பெரேரா அவிசாவளைப் பக்கம் பருப்பு பங்கிட்டார். சிங்கள மக்கள் அவரைப் 'பரிப்பு மாத்தயா' என்றே கூப்பிட்டார்கள். அரசியல் வரலாற்றில் இது வேடிக்கைத் துணுக்காக வருகிறது. உடற்றொழிலியல் வரலாற்றில் இதற்கு வேறு இடம் உண்டு. மலேரியாக் கிருமி செங்குழியங்களை உடைக்கிறது. உடைந்ததற்கு ஈடு செய்ய எலும்பு மச்சை இரட்டிப்பாக வேலை செய்ய வேண்டும், அதற்குப் போலேற்று இரட்டிப்பாக வேண்டும். மார்மைட்டிலும் போலேற்று, மைசூர்ப் பருப்பிலும் போலேற்று. வில்ஸ் காரணி எனப்பட்ட அந்த விற்றமினுக்கு இன்றைய பெயர் அப்போது வைக்கப்படவில்லை.

பெயர் 1941 இல் வந்தது. ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் நான்கு தொன் பசளிக் கீரையைப் பிழிந்து சிறிதளவு போலிக் அமிலம், அதாவது போலேற்றின் அமில வடிவம், எடுத்தார்கள். மருந்தாகக் கொடுக்க அது காணாது. செயற்கையாகச் செய்ய வேண்டும். அதை 1945 அளவில் செய்து முடித்த லெடர்லி ஆய்வுகூடத்துக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் 1895 இல் பிறந்தவர், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கி அணிந்து ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி முழுப் பட்டம் இழந்தவர். அவருடைய சகோதரர் இருவர் ஒரு வாரத்து இடைவெளியில் வெப்பமண்டலக் கழிச்சல் நோயில் இறந்தார்கள். அவரும் அதே நோயில் விழுந்து எழும்பினார். குடல் போலேற்றையும் பி12 ஐயும் உறிஞ்ச முடியாமற் போய்ச் சோகை பிடிக்கும் நோய் அது. லூசி வில்ஸ் வேலை செய்த கோஷா ஆஸ்பத்திரியும் சுப்பாராவ் படித்த பள்ளியும் ஒரே திருவல்லிக்கேணியில்.

இனி, உடம்புக்குள் நடப்பது என்ன? எலும்பு மச்சை நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 கோடி செங்குழியங்களைச் செய்கிறது. ஒரு கலம் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் அதன் கருவிலுள்ள டி.என்.ஏ. முதலில் படியெடுக்கப்பட வேண்டும். படியெடுக்கத் தேவையான ஒரு மூலப்பொருளைச் செய்ய போலேற்று வேண்டும். அந்தப் போலேற்றைச் செயற்படும் நிலைக்குத் திருப்ப பி12 வேண்டும். இரண்டில் எது குறைந்தாலும் தாள் வந்து குவிய, எழுத்துக் கோப்பவர் வராத அச்சகம்போல ஆகிவிடுகிறது மச்சை. கலத்தின் உடல் வளர்ந்துகொண்டே போகிறது, கரு முதிரவில்லை, பிரிவும் நடக்கவில்லை. பெருத்த கலங்களிற் பல மச்சைக்குள்ளேயே உடைந்து சாகின்றன. அவற்றின் கழிவு இரத்தத்தில் கலப்பதால், நோயாளியின் வெளிறிய முகத்தில் மெல்லிய எலுமிச்சை மஞ்சளும் படியும். செங்கண்மாரி என்று எண்ணிக் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுப்பவர்களும் உண்டு.

வேகமாகப் பிரிகிற கலங்கள் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் பாதிப்புத் தெரியும். நாக்கு சொரசொரப்பு இழந்து, சிவந்து, மொழுமொழுவென்று ஆகும். புளிக்குழம்பு பட்டால் எரியும். வாயோரம் வெடிக்கும். வெண்குழியத்தின் கரு சாதாரணமாக மூன்று முதல் ஐந்து மடல். இங்கே ஆறு, ஏழு என்று பிளந்து நிற்கும். ஹீமோகுளோபின் விழுவதற்கு முன்னரே இரத்தப் படலத்தில் இந்த மடல்கள் தெரிந்துவிடும்.

இதைத் தன் உடம்பிலேயே காட்டியவர் விக்ரர் ஹேர்பேட் என்ற அமெரிக்க வைத்தியர். 1961 இல் அவர் தன் சாப்பாட்டை எல்லாம் மூன்று முறை கொதிக்கவைத்து, தண்ணீரை ஊற்றிவிட்டு, சக்கையைத் தின்றார். ஏழாவது வாரத்தில் வெண்குழியத்தில் மாற்றம். நான்காவது மாதத்தில் மறதி, எரிச்சல், தூக்கமின்மை. 19 ஆவது வாரத்தில் பெருங்கலச் சோகை. மாத்திரை போட்டு இரண்டு நாளில் மனநிலை தெளிந்தது. போலேற்றுக்கு உடம்பில் வைப்பு சில மாதங்களுக்குத்தான். கொதியும் கொட்டும் தண்ணீரும் அதன் எதிரிகள்.

கொழும்பு அடுப்படிகளில் இந்தப் பரிசோதனை தினமும் நடக்கிறது. சந்தையில் வாங்கிய முருங்கை இலையை உருவி, மருந்தடித்திருப்பார்கள் என்ற பயத்தில் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, அவித்து, பச்சைத் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றிவிட்டுப் பிறகு தாளிப்பார்கள். கழுவலாம், அவித்து வடிக்கத்தான் கூடாது. அந்த வகையில் வறை என்பது புத்தியான சமையல். பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் போட்டு, மூடாமல் நாலைந்து நிமிடத்தில் இறக்கிவிடுகிற முருங்கையிலை வறையிலும் பொன்னாங்கண்ணி வறையிலும் போலேற்று நிறையத் தங்கும். அடுப்பே காணாத வல்லாரைச் சம்பல் அதனினும் மேல்.

பி12 இன் கதை வேறு. மரமும் செடியும் அதைச் செய்வதில்லை, மிருகமும் செய்வதில்லை. நுண்ணுயிர்கள் மட்டுமே செய்கின்றன. அவற்றிடமிருந்து மாட்டுக்கும் மீனுக்கும், அங்கிருந்து மனிதருக்கும் வருகிறது. கொட்டாஞ்சேனையில் நெத்தலிக் கருவாடும் மாசிச் சம்பலும் புழங்குகிற வீட்டுக்குப் பொதுவாக இந்தக் கவலை இல்லை. சுத்த சைவம் சாப்பிடுகிற வெள்ளவத்தை வீட்டுக்கு உண்டு. (வெள்ளவத்தை முழுக்கச் சைவம், கொட்டாஞ்சேனை முழுக்க மச்சம் என்று பங்கு பிரிக்க முடியாது என்பது இரண்டு ஊர் மீன்காரருக்கும் தெரியும்.) சைவக்காரருக்குப் பாலும் தயிருமே வழி. நாளுக்குத் தேவை 2.4 மைக்ரோகிராம், ஒரு கோப்பை பாலில் ஒரு மைக்ரோகிராமுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். பால்மா விலை ஏறியதிலிருந்து தேத்தண்ணிக்குள் ஒன்றரைக் கரண்டி போடுகிற குடும்பத்தில் அது எங்கே எட்டும்?

இலண்டனில் ஹரோவிலுள்ள நோர்த்விக் பார்க் வைத்தியசாலையில் சனாரின் என்ற இரத்தவியல் நிபுணர், அங்கே குடியேறிய சைவ உணவுக்கார இந்துக்களிடம் கண்ட பெருங்கலச் சோகையைப் பற்றி 1985 இல் லான்செற் சஞ்சிகையில் எழுதினார். அவர்கள் பெரும்பாலும் குஜராத்திகள். ஆனால் ஹரோவில் உறவினர் இல்லாத கொழும்புத் தமிழ்க் குடும்பம் குறைவு என்பதால், அந்தக் கட்டுரை அடுத்த வீட்டுச் செய்தி போலவே படுகிறது.

பி12 உணவில் இருந்தாலும் உடம்புக்குள் போவது சுலபமல்ல. இரைப்பை அமிலம் அதைப் புரதத்திலிருந்து பிரிக்க வேண்டும். இரைப்பைச் சுவர் சுரக்கும் உட்காரணி என்ற புரதம் அதைக் கைப்பிடித்துச் சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை கொண்டுபோக வேண்டும். வயது ஏற இரைப்பை சுருங்கி அமிலம் குறையும். அடிசனின் சோகையில் உடம்பே தன் இரைப்பைக் கலங்களை எதிரியாக நினைத்து அழிக்கிறது. நெஞ்செரிவுக்கு ஆண்டுக்கணக்கில் ஒமெப்ரசோல் போடுகிறவருக்கும் அமிலம் குறைவு. எல்லாவற்றிலும் பரவலானது மெட்போமின். சலரோகத்துக்குக் கொழும்பில் பலரும் காலையும் மாலையும் விழுங்குகிற இந்த நல்ல மருந்து பி12 உறிஞ்சப்படுவதை மெல்ல மெல்லக் குறைக்கிறது. 2022 இல் பிரித்தானிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் இதைப் பற்றி வைத்தியர்களுக்கு வெளிப்படையாகவே எச்சரித்தது.

ஈரலில் பி12 வைப்பு ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஆகவே குறை தெரிய ஆண்டுகள் பிடிக்கும். பாதத்தில் ஊசி குத்துவதுபோல முதலில் வரும், பிறகு விறைப்பு. கழன்ற செருப்பு காலில் இல்லை என்பதே தெரியாது. முகத்துக்குச் சவர்க்காரம் போட்டுக் கண்ணை மூடினால் உடம்பு ஆடும். பாதம் எங்கே நிற்கிறது என்று மூளைக்குச் சொல்கிற முண்ணாணின் பின்பக்க நார்களில் உறை கழன்றுவிட்டது என்பது பொருள். ஞாபகமும் பிசகும். இந்த நரம்புக் கேடு சோகை தெரியாமலும் வரலாம். சலரோகக்காரரின் விறைப்பு என்றால் வீட்டாரும், சில வேளை வைத்தியரும், "அது சீனி வருத்தம்" என்று விட்டுவிடுகிறார்கள். பாதிப் பேருக்கு அது சரியாக இருக்கலாம். மற்றவருக்கு ஒரு இரத்தப் பரிசோதனை மிச்சம் இருக்கிறது.

தொடக்கத்தில் சொன்ன ஆபத்து இதுதான். பி12 குறைந்தவருக்குப் போலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் மச்சை மீண்டும் ஓடத் தொடங்கும், ஹீமோகுளோபின் ஏறும், முகம் தெளியும். நரம்பு மட்டும் கெட்டுக்கொண்டே போகும். 1940களின் பிற்பாதியில், புதிதாக வந்த போலிக் அமிலத்தை அடிசன் சோகைக்காரருக்குக் கொடுத்து மகிழ்ந்த வைத்தியர்கள் இதை நேரில் கண்டு திகைத்தார்கள். 1948 இல் பி12 பிரித்தெடுக்கப்பட்ட பிறகே அந்தத் திகைப்புத் தீர்ந்தது. லூசி வில்ஸ் காலத்து மார்மைட்டிலும் போலேற்று இருந்தது, பி12 இல்லை. இன்றைய போத்தலில் பி12 சேர்க்கப்படுகிறது.

பிள்ளைத்தாய்ச்சி விடயத்தில் போலிக் அமிலத்துக்கு நிகரில்லை. கருவின் முண்ணாண் குழாய் கருத்தரித்து 28 நாளுக்குள் மூடிவிடுகிறது, அதாவது பல பெண்களுக்குத் தாம் கர்ப்பம் என்றே தெரியவருவதற்கு முன். முந்திய பிள்ளைக்கு அந்தக் குழாய் சரியாக மூடாத குறை இருந்த தாய்மார் கருத்தரிக்குமுன்பே போலிக் அமிலம் எடுத்தால், மறுபடி வருவது 72 வீதம் குறைகிறது என்று 1991 இல் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு நிறுவியது. அதனால்தான் நம் குடும்பநல மருத்துவிச்சிமார் புதுமணத் தம்பதியரைத் தேடி வந்து அந்தச் சின்ன மஞ்சள் குளிசையைப் பற்றிப் பேசுகிறார்கள். "இன்னும் ஒன்றும் இல்லையே" என்று மாமியார் சொல்லித் திருப்பி அனுப்புகிற வீடுகள் இப்போதும் இருக்கின்றன.

கையில் இருக்கிற இரத்த அறிக்கையிலேயே ஒரு தடயம் உண்டு. எம்.சி.வி. என்ற வரி செங்குழியத்தின் சராசரிப் பருமன். 80 க்குக் கீழே என்றால் இரும்பையோ தலசீமியாவையோ நினைக்கலாம், 100 க்கு மேலே என்றால் இந்த இரு விற்றமின்களையும். மதுப்பழக்கமும் தைரொயிட்டும் சில மருந்துகளும்கூட அதை ஏற்றும். இரும்பும் பி12 உம் ஒன்றாகக் குறைந்தவரிடம் சிறுத்ததும் பெருத்ததும் கலந்து, சராசரி 90 என்று அழகாக வந்து நிற்கும்; சைவமும் பிளேன்ரீயுமாக இருக்கும் வீடுகளில் இது அபூர்வமல்ல. அப்போது இரத்தப் படலத்தை நேரில் பார்க்கிற நிபுணரின் கண்தான் வேண்டும்.

பி12 குறைவு உறுதியானால், நரம்புக் கோளாறு உள்ளவருக்கு ஊசிதான் முதல். முதல் வாரங்களில் அடிக்கடி, பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று. ஊசிக்கு ஒவ்வொரு முறையும் முச்சக்கர வண்டி பிடிக்க வேண்டிய முதியவர்கள், நிலைமை சீரான பின் வைத்தியரிடம் ஒன்று கேட்கலாம். வாயால் விழுங்கும் 1,000 மைக்ரோகிராம் குளிசையில் ஏறத்தாழ ஒரு வீதம், உட்காரணி அடியோடு இல்லாதவரின் குடலிலும் தானாகவே ஊறி உள்ளே போகிறது. அது 10 மைக்ரோகிராம். நாள் தேவையின் நான்கு மடங்கு.